வாசலைப் பார்த்த செருப்புகள்

குவாக் மான்சிக்கைப் பார்த்துத் துப்பறிகிற ஆள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். தபால் நிலைய வரிசையில் நின்று நின்று அலுத்துப்போனவர் போல இருப்பார். கண்ணுக்குக் கீழே பை தொங்கும். மேல்கோட்டில் ஏதாவது ஒரு பொத்தான் நூலில் ஆடிக்கொண்டே இருக்கும். தல்போ துறைமுகக் காவல் நிலையத்தில் கொலை வழக்குகளைக் கவனிப்பவர் இவர்தான் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். தல்போவில் கொலை என்றால் என்ன, பெரும்பாலும் கப்பல் கூலிகள் குடித்துவிட்டுப் போட்ட சண்டைதான். போலீஸ் போய்ச் சேரும்போது செய்தவனே பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பான். அதில் துப்பறிய என்ன இருக்கிறது?

“ஊருக்கெல்லாம் திருடனப் புடிச்சுக் குடுக்குற மனுஷன், வீட்டுல ஒரு காலுறை காணோம்னா எங்கிட்ட வந்து நிக்கிறாரு” என்று அவர் மனைவி இன்சுக் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். மான்சிக்கும் சிரிப்பார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிக்க வந்தது.

நண்டு மேட்டில் முதல் கிழவி செத்த குளிர்காலத்தோடு அது போயிற்று.

நண்டு மேடு துறைமுகத்துக்குப் பின்னால் நிற்கிற குன்று. தகரக் கூரை வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். சந்துகள் அத்தனை செங்குத்து, தள்ளுவண்டி கூட ஏறாது. அரிசியோ, அடுப்புக்கான கரிக்கட்டியோ, எதுவானாலும் ஆள் முதுகில் ஏறித்தான் வர வேண்டும். பிள்ளைகள் கப்பலுக்கும் மில்லுக்கும் போய்விட, தனியாக மிஞ்சிய தாய்மார்கள் அங்கே அதிகம். அவர்களில் ஒருத்தி, வலை தைத்துப் பிழைத்த ஜோங்வூ அம்மா, பட்டப்பகலில் தன் கழுத்துத் துண்டாலேயே கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தாள். வீட்டில் ஒரு பொருள் போகவில்லை. அடுத்த குளிர்காலத்தில் நத்தை அவித்து விற்கிற கும்சுன் அம்மா. பனி உருகுவதற்குள் மூன்றாவதாக ஒருத்தி. அங்கே பெண்களைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்; இவளுக்குப் பிள்ளை இல்லாததால் பூசணிக்காரம்மா என்றே பெயர். மூன்றும் ஒரே மாதிரி. வெளியூரில் இருந்த மகள்கள் தினமும் மேட்டுக் கடைக்கு போன் போட்டு, அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டார்கள்.

மூன்று வீட்டிலும் மான்சிக் ஒன்றைக் கவனித்தார். அறைக்கு ஏறுகிற வாசற்கல்லில் செத்தவளின் வெள்ளை ரப்பர் செருப்பு இருந்தது. வீட்டுக்குள் ஏறுகிறவள் கழற்றிப்போட்ட செருப்பு அறையைப் பார்த்துத்தான் கிடக்க வேண்டும், ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக. இங்கே மூன்று ஜோடியும் முனை தெருவைப் பார்த்து, ஒன்றை ஒன்று ஒட்டி, அளந்து வைத்தது போல நேராக இருந்தன. கொன்றுவிட்டுப் போகிறவன் நின்று நிதானமாகச் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறான்!

இன்ஸ்பெக்டர் சியோ மேசையைத் தட்டினார். “யோவ் குவாக், இதுதான்யா அவன் கையெழுத்து. இந்த விஷயம் இந்த ரூம விட்டு வெளிய போகக் கூடாது. பேப்பர்காரனுக்கும் தெரியக் கூடாது, மேட்டுல இருக்குற நம்ம புறக்காவல் ஆளுங்களுக்கும் தெரியக் கூடாது. பொண்டாட்டிகிட்டயும் சொல்லிறாதீங்க.”

அது நல்ல உத்திதான், குறை சொல்ல முடியாது. இப்படிப்பட்ட வழக்கு வந்தால், நான்தான் செய்தேன் என்று வந்து நிற்கிற கிறுக்கர்கள் எந்த ஊரிலும் உண்டு. தல்போவிலும் ஒரு மாலுமி வந்தான், ஒரு பள்ளிக்கூடக் காவலாளி வந்தான். வாசலில் என்ன செய்தாய் என்று கேட்டதும் திருதிருவென்று விழித்தார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக வந்தவன் பொங்தே.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு வசந்தகால மத்தியானம். கரி ஏறிக் கறுத்த கையோடு அவனே காவல் நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மேட்டு வீடுகளுக்கெல்லாம் கரிக்கட்டி சுமந்து கொடுக்கிறவன். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. சோஜுச் சாராய வாடை ஆளுக்கு முன்னால் வந்தது.

“நான்தான் செஞ்சேன்” என்றான்.

“எத?”

“மேட்டுல செத்துப்போன அம்மாமாருங்கள.”

மான்சிக் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பொங்தே மூன்று வீட்டையும் சரியாகச் சொன்னான். எந்த அறை, எங்கே அடுப்பு, எல்லாம் சொன்னான். ஆனால் வாராவாரம் கரி கொண்டுபோகிறவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? கழுத்துத் துண்டு விஷயமோ பேப்பரிலேயே வந்திருந்தது.

“ஏன் செஞ்ச?”

“ஏன்னு கேக்காதீங்கய்யா. எனக்கே தெரியல. எங்கம்மா செத்ததுல இருந்து தலைக்குள்ள என்னமோ ஆவுது. புடிச்சுப் போட்ருங்க.”

“கெளம்புறப்ப என்ன செஞ்ச?”

“அடுப்புக் காத்துத் தொளைய மூடுனேன்.”

“எதுக்கு?”

“மனுஷன் இல்லாத வீட்டுல கரி எதுக்கு வீணா எரியணும்?”

“அப்புறம்? வாசல்ல எதையாவது தொட்டியா?”

“என் செருப்ப மாட்டிக்கிட்டேன்.”

“வேற?”

“வேற என்ன? வந்துட்டேன்.”

மான்சிக் பேனாவை மூடினார்.

சியோவுக்குக் கோபம் வந்தது. மேலிடத்திலிருந்து தினமும் ஏச்சு வாங்குகிறவர் அவர். “அவனே வந்து மடியில விழுறான், நீ ஏன்யா தட்டி விடுற? ரெண்டு நாள் என்கிட்ட குடு. செருப்பென்ன, செருப்பு தச்சவன் பேரையும் சொல்லுவான்.”

“அதான் வேணாங்குறேன்” என்றார் மான்சிக்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீனவனை அப்படித்தான் சொல்லவைத்தார்கள். நிஜமாகச் செய்தவன் பிறகு வேறு ஊரில் பிடிபட்டான். விட்டபோது மீனவனின் வலது கை நிமிரவில்லை. சாகும்வரை நிமிரவில்லை. சந்தையில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் மான்சிக் வேறு சந்தில் திரும்பிவிடுவார். அன்றிலிருந்து அவர் யார் மேலும் கை வைத்ததில்லை, யாரையும் வைக்க விட்டதுமில்லை. அதனாலேயே பதவி உயர்வு அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பொங்தேக்காகவும் அன்று பிடிவாதமாக நின்றார். செய்தவனுக்குச் செருப்பு தெரியும், இவனுக்குத் தெரியவில்லை, அதனால் இவன் செய்யவில்லை, அவ்வளவுதான் என்றார். சியோ முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

மான்சிக் பொங்தேயை எதிர்க்கடைக்கு அழைத்துப்போய்ச் சூடாகச் சூப்பும் சோறும் வாங்கிக்கொடுத்தார். அவன் கிண்ணத்துக்குள் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டான்.

“என்னய நம்பலையாய்யா?”

“வீட்டுக்குப் போ, பொங்தே. குடிய விடு. எல்லாம் சரியாயிரும்.”

அன்று சாயங்காலம் முழுக்க மான்சிக்குக்கு மனசு லேசாக இருந்தது. ஒரு நிரபராதியைக் காப்பாற்றிய சந்தோஷம். இந்த வேலையில் அது அபூர்வமாகக் கிடைப்பது.

அதற்குப் பிறகு கொலை நடக்கவில்லை. ஆனால் மான்சிக் விடவில்லை. செருப்பைத் திருப்பி வைக்கிற ஆள் யார்? விருந்தாளிகள் ஏறிப்போனதும் அவர்கள் செருப்பை வாசல் பார்த்து அடுக்கிவைக்கிற சாப்பாட்டுக் கடைப் பையன்கள், விடுதி வேலைக்காரர்கள், கோயில் எடுபிடிகள் என்று ஊரில் ஒழுங்காகச் செருப்பு அடுக்குகிற அத்தனை பேரையும் தேடித் தேடி விசாரித்தார். தல்போவில் சுத்தபத்தமாக இருந்தவனெல்லாம் அந்த வருஷம் அவர் கண்ணில் கொலைகாரன். கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டாலே, “ஐயா வர்றாரு, செருப்பக் கலைச்சு விடுங்கடா” என்று கேலி பேசினார்கள். தூக்கம் குறைந்தது. முட்டி வலி கூடியது. காலையில் எழுந்திருக்கும்போதே சாயங்காலத்து அலுப்பு இருந்தது.

“மனுஷங்க மூஞ்சியப் பாருங்க. எந்நேரமும் கால்மாட்டுல என்ன தேடுறீங்க?” என்று இன்சுக் கேட்டாள். அவர் சொல்லவில்லை. பொண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது என்பது உத்தரவல்லவா?

அவர் கொஞ்சம் மூச்சு விட்ட இடம் மேட்டடிவாரத்துச் சூப்புக்கடைதான். மேட்டுப் புறக்காவல் நிலையத்தின் ஏட்டு பியோன் தொக்சூ காலையில் அங்கே வந்துவிடுவார். மான்சிக்கைவிட மூத்தவர், எங்கோ தெற்கே ஒரு தீவில் பிறந்தவர், வாய் ஓயாமல் பேசுவார். மேட்டில் எந்த வீட்டில் தண்ணீர்க்குழாய் உறைந்தாலும் முதலில் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். மூன்று கொலைகளுக்கும் முதலில் ஓடிப்போனவரும் அவர்தான்.

“அந்தப் பாவியப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா தம்பி?”

“சொல்லக் கூடாதுண்ணே.”

“இத்தன வருஷமா ஒரே சட்டியில கிம்ச்சி எடுத்துத் திங்கிறோம், என்கிட்டயுமா?”

“உங்ககிட்டயுந்தான்.”

“சரி சொல்லாத. மூஞ்சியப் பாத்தா சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லேன்னு தெரியுது. ஆறுறதுக்குள்ள குடி.”

இரண்டு குளிர்காலம் அந்த மேசையில் இப்படியே போனது. யாராவது ஒருவர் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்து, வாய் தவறி ஒரு வார்த்தை விட்டிருக்கலாம். மான்சிக் கடமை தவறாத மனிதர். விடவில்லை.

நான்காவது கொலை நடந்த அன்று மான்சிக் தற்செயலாக மேட்டில்தான் இருந்தார். கடலிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. மேல் சந்திலிருந்து ஒரு பெண் வெறுங்காலோடு கத்திக்கொண்டு இறங்கினாள். “ஹேரான் அம்மா! ஹேரான் அம்மா!” என்பதற்கு மேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை.

ஹேரான் அம்மாவை மான்சிக்குக்குத் தெரியும். தெருமுனையில் மீன்வடை பொரித்து விற்பவள். அவரைக் கண்டால், “ஆள் புடிச்சாச்சா, இல்ல இன்னிக்கும் வடதானா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு வடையைக் காகிதத்தில் சுற்றி நீட்டுவாள். மான்சிக் அவள் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் பழக்கம் விடாமல் வாசற்கல்லைத்தான் பார்த்தார். வெள்ளை ரப்பர் செருப்பு அறையைப் பார்த்துக் கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தார். கழுத்தில் துண்டு. முடிந்துவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமானால், அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது, இது அவனில்லை, வேறு எவனோ என்பதுதான். செருப்பு திரும்பவில்லையே!

அதற்குள் தொக்சூ மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “ஐயோ, ஹேரான் அம்மாவா? ஐயோ!” என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அண்ணே, யாரையும் உள்ள விடாதீங்க. நான் கடைக்குப் போய் நிலையத்துக்கு போன் போட்டுட்டு வந்துர்றேன்.”

போய்ச் சொல்லிவிட்டு ஏறி வந்தார். முற்றத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். வாசற்கல்லில் அந்தச் செருப்பு, முனை தெருவைப் பார்த்து, ஒன்றை ஒன்று ஒட்டி, நேராக இருந்தது. கவிழ்ந்ததும் நிமிர்ந்திருந்தது. தொக்சூ வெளிக்கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே வேறு ஈ காக்கை இல்லை.

“அண்ணே. இந்தச் செருப்பு...” மான்சிக் வாசற்கல்லைக் காட்டினார். “இதத் தொட்டது யாரு?”

“நான்தான். ஏன்?”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? செத்தவங்க போகணுமில்ல, தம்பி. கூட்டிட்டுப் போக எமதூதருங்க மூணு பேரு வந்து நிப்பாங்க. வீட்டு ஆளுங்க இருந்தா வாசல்ல மூணு கிண்ணம் சோறு வைப்பாங்க, மூணு ஜோடி செருப்பு வைப்பாங்க. இவளுக்கு யாரு இருக்கா? மகன் கப்பல்ல, மக வந்து சேர நாளைக்கு ஆயிரும். எங்க தீவுல செருப்பையாவது வெளிய பாத்துத் திருப்பி வைப்போம். இல்லேன்னா பாவம், போக வழி தெரியாம வீட்டுக்குள்ளேயே சுத்துவாங்க.” தொக்சூ மூக்கை உறிஞ்சினார். “குனிஞ்சு திருப்பி வைக்கிறதுல நமக்கென்ன கொறஞ்சு போச்சு?”

“மத்தவங்களுக்கும் வச்சீங்களா?”

“மூணு பேருக்கும்தான். போட்டோ எடுக்குறவங்க வர எம்புட்டு நேரமாகும். அதுவரைக்கும் சும்மா நிக்காம... என்ன தம்பி? என்ன ஆச்சு? உக்காரு, உக்காரு.”

மான்சிக் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொலைகாரனின் கையெழுத்து என்று நான்கு குளிர்காலம் துரத்தியது, தொக்சூவின் நல்ல மனசை. ஊரில் அத்தனை பேரையும் கேட்டார். கேட்க வேண்டியவரோ தினமும் எதிரில் உட்கார்ந்து சூப்புக் குடித்தார்.

அப்புறம்தான் மற்றது நினைவுக்கு வந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனார். கரியடுப்பின் காற்றுத் துளை துணியால் இறுக்கி அடைத்திருந்தது. வடை பொரிக்கிற வீடு, காதறுக்கிற குளிர், வேலை நேரம். உயிரோடு இருந்தவள் எவளும் இந்நேரத்தில் அதை அடைக்க மாட்டாள். மற்ற மூன்று வீட்டிலும் அடைத்துத்தான் இருந்தது. எல்லா வீட்டிலும் வெளியே கிளம்பும்போது செய்கிற காரியம் என்று ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருவன் மட்டும் வாய் விட்டுச் சொன்னான். அவனுக்குச் சூப்பு வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள்.

பொங்தே மான்சிக் வீட்டுக்கும் கரி போடுகிறவன். கொண்டுவந்து அடுக்கிவிட்டு அடுப்படியில் குந்தி உட்காருவான். “பாவம், தாயில்லாத ஆளு” என்று இன்சுக் வாற்கோதுமைத் தேநீர் ஊற்றிக்கொடுப்பாள். மான்சிக் முற்றத்துக்குத் திரும்பி வந்தார்.

தொக்சூவுக்கு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னார். இனி மறைக்க என்ன இருக்கிறது? கேட்கக் கேட்கக் கிழவரின் முகம் சாம்பலாகியது. தொப்பி கையிலிருந்து நழுவியது.

“அப்ப ஹேரான் அம்மா என்னாலதானா செத்தா?”

“நீங்க செருப்பத்தான் திருப்புனீங்க. அவன விட்டது நான்.”

பொங்தேயைப் பிடிக்க ஓடவோ துரத்தவோ வேண்டியிருக்கவில்லை. கரிக்கிடங்கின் பின்புறம் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பனிக்கட்டி மிதந்த தண்ணீர். மான்சிக்கையும் பின்னால் நின்ற இரண்டு இளம் போலீஸ்காரர்களையும் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைகளை நீட்டினான்.

“அன்னிக்கே சொன்னேன்ல?” என்றான். கோபம்கூட இல்லை, சலிப்புதான். “நானா வந்து சொன்னேன். புடிச்சுப் போடுங்கன்னு அழுதேன். நீங்கதான வீட்டுக்குப் போன்னீங்க. குடிய விடச் சொன்னீங்க. விட்டேன். அப்படியும் நிக்கலய்யா.”

மான்சிக் விலங்கைப் பூட்டினார்.

அடுத்த நாள் காலை நிலையத்தில் ஒரே கொண்டாட்டம். சியோ கதவைச் சாத்திவிட்டு மான்சிக்கை உட்காரவைத்தார். “கேளு குவாக். அவன் ஒத்துக்கிட்டான், அடுப்பு விஷயமும் சரியாப் பொருந்துது. முன்ன வந்தப்ப ஆதாரம் பத்தல, இப்பப் பத்துது, அவ்வளவுதான் கதை. செருப்பு கிருப்புன்னு வெளிய யாருக்குமே தெரியாது, நாமளும் மறந்துருவோம். ஏட்டு இன்னும் கொஞ்ச நாள்ல ஓய்வாகப் போற மனுஷன். உன்னய ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுது. எல்லாருக்கும் நல்லது.”

“தொக்சூ அண்ணன் வாக்குமூலம் எழுதிக் குடுத்துட்டாருங்கய்யா. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல.”

“கிழிச்சுப் போடலாம்யா!”

மான்சிக் தலையாட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று சியோவுக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் மான்சிக்குக்கே தெரியுமா என்பது சந்தேகம். சியோ சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தொக்சூ நிம்மதியாக ஓய்வு பெறுவார், இன்சுக் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போவாள். அலுத்துப்போன மனிதருக்கு அது பெரிய ஆசை. ஒன்றும் செய்ய வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும்.

அந்த யோசனையோடுதான் மத்தியானம் துக்கவீட்டுக்கு ஏறினார். முற்றத்தில் துணிப்பந்தல் கட்டியிருந்தது. ஹேரான் பருத்தி மில்லிலிருந்து வந்துவிட்டாள். இருபத்தைந்து வயதுப் பெண், சணல் துக்க உடை, வீங்கிய கண்கள். மான்சிக் படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி இரண்டு முறை விழுந்து வணங்கினார், மகளுக்கு ஒரு முறை. படத்தில் வடைக்காரி வாயை மூடி விறைப்பாக இருந்தாள். உயிரோடு இருந்தவரை அவள் அப்படி இருந்து அவர் பார்த்ததில்லை.

பதிலுக்கு வணங்கிய ஹேரான் எழுந்திருக்காமல் தரையோடு குனிந்தபடியே இருந்தாள். “ஒரே நாள்ல புடிச்சுட்டீங்களே ஐயா. எங்கம்மா உங்களப் பத்தி எழுதுவா. அலுக்காம அலையுறாரு, பாக்கப் பாவமா இருக்குன்னு. நீங்க இருக்குற தைரியத்துலதான் அம்மாவ இங்க விட்டுட்டு இருந்தேன்.”

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ அவர் தோளைப் பிடித்து மேசையில் உட்காரவைத்தார்கள். ஹேரானே காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் கொண்டுவந்து வைத்து, எதிரில் உட்கார்ந்து, அவர் கிண்ணத்தில் சாராயம் ஊற்றினாள்.

மான்சிக் கரண்டியை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். கீழே வைத்தார்.

“அவன் ரெண்டு வருஷம் முன்னாடியே எங்ககிட்ட வந்தாம்மா” என்றார்.

“யாரு?”

“பொங்தே. நான்தான் செஞ்சேன்னு அவனா வந்து சொன்னான். நான் நம்பல. எங்க இன்ஸ்பெக்டர் விட வேணாம்னாரு, நான் சண்ட போட்டு விட்டேன். நான் நம்புன அடையாளம் ஒண்ணு இருந்துச்சு. அது தப்பு. அது அவன் விட்டுட்டுப் போனதே இல்ல, எங்க ஆளு ஒருத்தரு செத்தவங்க மேல இரக்கப்பட்டுச் செஞ்சது. நேத்துதான் தெரிஞ்சுது. அன்னிக்கு நான் அவன வச்சிருந்தா உங்கம்மா இன்னிக்குக் கடை போட்டிருப்பாங்க.”

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. ஹேரான் அவரையே பார்த்தாள். அவள் அறைவாள் என்று எதிர்பார்த்தார். சூப்பைத் தூக்கி முகத்தில் ஊற்றினாலும் சரிதான் என்று இருந்தது.

“இத ஏன் இப்ப சொல்றீங்க?” என்றாள் அவள். “அம்மாவ இன்னும் எடுக்கக் கூட இல்ல. ஏன் ஐயா சொன்னீங்க? புடிச்சுட்டாங்கன்னு ஒண்ணுதான் இருந்துச்சு எனக்கு. அதயும் எடுத்துட்டீங்களே.”

சொல்வது சரி என்று நினைத்துத்தான் சொன்னார். சொன்ன பிறகு அது தன் பாரத்தை இறக்கி இந்தப் பெண்ணின் தலையில் வைத்தது போலத் தெரிந்தது. மெதுவாக எழுந்து மேல்கோட்டை எடுத்தார்.

“எங்க போறீங்க?” என்றாள் அவள். குரல் கூர்மையாக வந்தது. “உக்காருங்க. எங்கண்ணன் கப்பல விட்டு எறங்கி வந்துக்கிட்டிருக்கான். நீங்க பாட்டுக்குப் போயிட்டா, இத நான்தான் அவன்கிட்ட சொல்லணும். என்னால முடியாது. இருந்து, நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

மான்சிக் உட்கார்ந்தார். சூப்பின் மேல் எண்ணெய் உறையத் தொடங்கியது. யார் யாரோ வந்தார்கள், வணங்கினார்கள், சாப்பிட்டுப் போனார்கள். அவர் மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஹேரான் ஒரு தடவை வந்து ஆறிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சூடாக வேறொன்று வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனாள்.

வெயில் கூரைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் கீழ்ச்சந்தில் தடதடவென்று காலடி கேட்டது. தோளில் மாலுமிப் பையோடு ஓர் ஆள் படியேறி ஓடி வந்தான். வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு, “அம்மா!” என்று கத்தியபடி முற்றத்துக்குள் விழுந்தான்.

மான்சிக் எழுந்து நின்றார்.